எட்டுப் பள்ளிகளுக்கு ஒரே பட்டியல்

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் டொரத்தியின் வேலை தலைமையாசிரியர்களுக்குத் துணை நிற்பது. நியமனக் கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. பதினோரு வருடம் தானும் தலைமையாசிரியராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஜொகூரின் அந்த நகர மாவட்டத்தில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் எட்டுத் தமிழ்ப்பள்ளிகள் அவர் பொறுப்பில் இருந்தன. மாதம் ஒரு முறையாவது ஒவ்வொன்றுக்கும் போவார். தலைமையாசிரியரோடு உட்கார்ந்து என்ன சிக்கல் என்று கேட்பார். தன்னால் முடிந்ததைச் செய்வார். முடியாததை மேலே எழுதுவார்.

ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த ஆண்டின் இரண்டாவது மானியம் முழுதாக வராது, பாதிக்கும் குறைவாகத்தான் வரும் என்று அதில் இருந்தது. எதையெல்லாம் நிறுத்திக்கொள்ளலாம், எதை நிறுத்தினால் பள்ளி நடக்காது என்று ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒரு பாரத்தில், அதாவது படிவத்தில், எழுதி அடுத்த வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான், கையிருப்பில் இருக்கும் கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று மாநில அலுவலகம் முடிவு செய்யும்.

டொரத்திக்கு அந்த ஒரு வாரம் போன் ஓயவில்லை. எண்ணூற்று அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை ஷர்மினி மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். ஐம்பத்தெட்டே பிள்ளைகள் உள்ள பள்ளியின் லெட்சுமணன் ஒன்றரைப் பக்கம். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொன்றையும் படித்து, விளக்கம் கேட்டு, திருத்தி, "சரிபார்க்கப்பட்டது" என்ற இடத்தில் டொரத்தி கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக வந்தது புக்கிட் கெனங்கா தமிழ்ப்பள்ளியின் பாரம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்தது. அங்கே தலைமையாசிரியர் கமலநாதன், பிள்ளைகள் நானூற்றுப் பத்துப் பேர். பாரத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "சமாளிக்க முடியும். கற்றல் கற்பித்தல் பாதிக்கப்படாது."

டொரத்தி அதை இரண்டு முறை படித்தார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அப்போது வந்தது சந்தேகம் அல்ல, நிம்மதி. எட்டில் ஒன்றாவது தலைவலி கொடுக்கவில்லையே என்று இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை மாவட்டத்தின் எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் கூட்டம். துணை அதிகாரி துவான் ரோஸ்லான் பேசினார். மாநிலத்தில் எல்லா மாவட்டமும் கை நீட்டி நிற்கிறது, கேட்பதை எல்லாம் கொடுக்க முடியாது, இருப்பதை வைத்து நடத்தப் பழக வேண்டும் என்றார். பிறகு திரையில் ஒரு பாரத்தைக் காட்டினார். கமலநாதனின் ஒற்றை வரி, பெரிதாக்கப்பட்டு, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

"நானூறு மாணவர்கள் உள்ள பள்ளி," என்று மலாயில் சொன்னார் ரோஸ்லான். "இவரால் முடிகிறது என்றால் மற்றவர்களால் ஏன் முடியாது?"

கை தட்டினார்கள். கமலநாதன் பாதி எழுந்து, தலையைக் குனிந்து, மறுபடி உட்கார்ந்தார். டொரத்தி பக்கவாட்டில் இருந்து பார்த்தார். அந்த முகத்தில் பெருமை கொஞ்சம் இருந்தது. வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அது என்னவென்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது ஷர்மினி காத்திருந்தார். கையில் அவருடைய பாரம். மூன்று பக்கத்திலும் சிவப்பு மையில் கோடு. "மறுபரிசீலனை செய்து சுருக்கவும்" என்று அடியில் எழுதியிருந்தது.

"டீச்சர், அந்த சார் எப்படி சமாளிக்கறாருன்னு நீங்க போய் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் பாக்கல."

"பாக்காமலா கையெழுத்து போட்டீங்க?"

டொரத்தி அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார்.

"எனக்கு டாய்லெட் கழுவுற ஆளு நாலு பேர் இருந்தாங்க. இப்ப ரெண்டு பேர். அடுத்த மாசம் ஒருத்தரா ஆயிரும்னு சொல்றாங்க. பேப்பர் இல்ல, மை இல்ல. நான் என்ன கேட்டாலும் இனிமே கெனங்காவ பாருன்னுதான் சொல்வாங்க. நான் அந்த சார குத்தம் சொல்லல. அவரு எப்படி செய்யறாருன்னு தெரிஞ்சா நானும் செஞ்சிட்டுப் போறேன்."

ஷர்மினி சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அன்றும் சத்தம் போடவில்லை. பாரத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை டொரத்தி யாருக்கும் சொல்லாமல் புக்கிட் கெனங்காவுக்குப் போனார். வாசலில் காவலாளி அவரை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே எங்கிருந்தோ புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் வந்தது. திடலைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், வேலியோரம் இடுப்பளவு வளர்ந்த லாலாங் புல்லை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார். முதுகில் இயந்திரம், கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி, காலில் ரப்பர் பூட்ஸ். குத்தகை ஆள் என்று நினைத்து டொரத்தி கொஞ்ச நேரம் நின்றார். அவர் திரும்பியதும்தான் கமலநாதன் என்று தெரிந்தது.

கமலநாதன் இயந்திரத்தை நிறுத்தினார். சட்டை முழுக்கப் புல்.

"வாங்க டீச்சர். சொல்லாம வந்துட்டீங்க." ஒரு நொடி கழித்து, "ஆபீஸ்ல உக்காருங்க, கழுவிட்டு வந்துர்றேன்," என்றார்.

அலுவலகத்தில் பள்ளியின் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ரூபினி பயிற்சித் தாள்களை அச்சடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். டொரத்தியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"டீச்சர், நான் சொன்னேன்னு சார்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார்.

"என்ன விஷயம்?"

ரூபினி அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி, ஒவ்வொரு நிறத்து உறை. மொத்தமாக வாங்கியது அல்ல என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"மார்ச்சிலேருந்து பேப்பர் பத்தல. சார் முதல்ல சொந்தக் காசுல ரெண்டு பெட்டி வாங்கி வச்சாரு. யாருகிட்டயும் எதுவும் கேக்கல. ஆனா பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? டீச்சருங்க ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. இப்ப அது மாசாமாசம் கொண்டு வரணும்னு ஆயிருச்சு. கொண்டு வராதவங்கள மத்தவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க. லோஷினி டீச்சர் தெரியும்ல, தற்காலிகமா வந்தவங்க. அவங்க சம்பளமே ரெண்டு மாசம் லேட்டு. போன வாரம் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதாங்க. பேப்பர் வாங்க காசு இல்லன்னு சொல்ல வெக்கம்."

"புல்லு?"

"சனிக்கிழமைல சார்தான் வெட்டுறாரு. அந்த மிஷின் அவங்க மச்சானோடது. டாய்லெட்டும் சார்தான். காலைல அஞ்சரைக்கெல்லாம் வந்துருவாரு. பிள்ளைங்க வர்றதுக்குள்ள கழுவி முடிச்சுருவாரு. ஆறாம் ஆண்டு எக்ஸ்ட்ரா கிளாசும் அவரே எடுக்கறாரு."

"பெற்றோருங்க யாரும் உதவிக்கு வர்றதில்லையா? எல்லாரும் சேந்து வேலை செய்யற கோத்தோங் ரோயோங் மாதிரி ஏதாவது வச்சா?"

"ரெண்டு தடவ வச்சோம் டீச்சர். மொத தடவ ஒம்பது பேர் வந்தாங்க. அடுத்த தடவ மூணு பேர். பாதிப் பேரு சிங்கப்பூர் வேலை. காலைல நாலு மணிக்கு பாலம் தாண்டிப் போறவங்கள சனிக்கிழமை வந்து புல்லு வெட்டுங்கன்னு எப்படிக் கூப்பிடறது?"

கமலநாதன் உடை மாற்றிக்கொண்டு வந்தார். ரூபினி அலமாரியைச் சாத்திவிட்டு அச்சு இயந்திரத்தின் பக்கம் போனார். டொரத்தி தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், சமாளிக்க முடியும்னு எழுதியிருந்தீங்க."

"சமாளிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

"நீங்க சமாளிக்கறீங்க. ஸ்கூல் சமாளிக்கலையே."

கமலநாதன் மேசையில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். பிறகு பேசத் தொடங்கினார். ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் பண்டார் தெங்காரா பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் இருந்தார். முப்பத்தேழு பிள்ளைகள். தண்ணீர் பம்பு பழுதாகி இரண்டு வாரமாகியும் யாரும் வரவில்லை. அப்போதும் இதே மாதிரி ஒரு பாரம் வந்தது. அவர் ஒன்று விடாமல் எழுதினார். தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, கூரை ஒழுகுகிறது, ஆசிரியர் இரண்டு பேர் குறைவு.

"அந்த பாரத்த யார் படம் புடிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது," என்றார். "ரெண்டாவது வாரமே வாட்ஸ்அப்ல வந்துருச்சு. தமிழ்ஸ்கூலோட லட்சணத்தப் பாருங்கன்னு மேல எழுதி. அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு பதிவு பண்ணது ஒரே ஒரு பிள்ள. இருந்ததுல பதினாறு பேரு வேற ஸ்கூலுக்குப் போய்ட்டாங்க. பம்ப செஞ்சு குடுத்தாங்க. தண்ணி வந்துச்சு, பிள்ளைங்கதான் வரல."

கமலநாதன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"இங்க சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்குள்ள நாலு ஸ்கூல் இருக்கு டீச்சர். எல்லாம் பெருசு, புதுசு. ஒரு தாய்தகப்பன் இங்க கொண்டாந்து விடணும்னா ஆயிரம் யோசன பண்ணுவாங்க. குறைன்னு என் கையால எழுதி நானே குடுக்கணுமா?"

"அதனால ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டீங்க."

"ஆமா."

"அத ஹால்ல போட்டுக் காட்டினாங்க."

"நான் காட்டச் சொல்லல."

"தெரியும். ஆனா அன்னிக்கே ஷர்மினியோட லிஸ்ட்ட திருப்பி அனுப்பிட்டாங்க. மத்தவங்களுதும் திரும்பி வருது. நீங்க உங்க ஸ்கூல காப்பாத்தறதுக்கு எழுதினது, மத்த ஸ்கூலுக்கு வராம அடைக்குது."

கமலநாதன் பேனாவை மேசையில் வைத்தார். வெளியே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் யாரையும் கெடுக்கணும்னு எழுதல," என்றார்.

"நானும் பாக்காம கையெழுத்து போட்டேன் சார். தப்பு உங்க மேல மட்டும் இல்ல, என் மேலயும்தான். வேற பாரம் எழுதுங்க. நான் கொண்டு போய் குடுக்கறேன்."

"முடியாது டீச்சர். நீங்க நேர்ல பாத்தீங்க, நீங்க வேணும்னா எழுதுங்க. என் கையெழுத்து போட்டு இந்த ஸ்கூல் இப்படி இருக்குன்னு நான் இன்னொரு தடவ எழுத மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கும்பிட்டு வழியனுப்பி வைத்தார். டொரத்தி காரை எடுக்கும்போது புல் வெட்டும் சத்தம் மறுபடி கேட்டது.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியில் கணவர் ரேமண்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரேமண்ட் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார்.

"நீ ஓகே போட்டது தப்புன்னு தெரிஞ்சிருச்சு. அப்ப போய் சொல்லிட வேண்டியதுதானே," என்றார்.

"சொன்னா அவருக்கும் அடி விழும்."

"சொல்லலன்னா மத்த ஏழு பேருக்கு விழுது. லேட்டாக லேட்டாக சொல்றது இன்னும் கஷ்டமா ஆகும்லா."

திங்கட்கிழமை காலை டொரத்தி ரோஸ்லானின் அறைக்குப் போனார். தான் சரிபார்க்காமல் கையெழுத்திட்டதையும், புக்கிட் கெனங்காவின் பாரம் உண்மை நிலையைச் சொல்லவில்லை என்பதையும் மலாயில் சொன்னார். ரோஸ்லான் எழுந்து கதவைச் சாத்தினார்.

"புவான் டொரத்தி, அந்தப் பாரத்தை நான் மாநிலத்துக்கே காட்டிவிட்டேன். நல்ல முன்னுதாரணம் என்று பாராட்டினார்கள்."

"தெரியும், துவான். தவறு என்னுடையது."

ரோஸ்லான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மேலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது. இந்த மாவட்டம் மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறது என்று கேட்டவர்களுக்குக் காட்ட அவரிடம் இருந்தது அந்த ஒரு வரிதான்.

"வியாழன் மதியம் மாநிலம் கணக்கை மூடுகிறது," என்றார் கடைசியில். "புதன்கிழமைக்குள் தலைமையாசிரியர் கையெழுத்தோடு வேறு பாரம் வந்தால் மாற்றுவேன். அவர் கையெழுத்து இல்லாமல் நான் எதையும் தொட முடியாது."

டொரத்தி தன் மேசைக்கு வந்து ஷர்மினிக்கும் லெட்சுமணனுக்கும் போன் செய்தார். மறுநாள் மாலை மூன்று மணிக்குப் புக்கிட் கெனங்காவுக்கு வர முடியுமா என்று கேட்டார். ஷர்மினி கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரி, வந்து பாக்கறேன்," என்றார். டொரத்தி கமலநாதனிடமும் சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கமலநாதனின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ரூபினி மைலோ கலந்து கொண்டுவந்து வைத்தார். லெட்சுமணன்தான் மழை, வெயில் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஷர்மினி கோப்பையைத் தொடாமல் எழுந்து கழிப்பறைக்குப் போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"டாய்லெட் எங்க ஸ்கூல விட சுத்தமா இருக்கு," என்றார் வந்ததும். "யார் சார் கழுவறாங்க?"

கமலநாதன் டொரத்தியைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார்.

ஷர்மினி நாற்காலியில் உட்கார்ந்தார். "தினமுமா?"

"ஸ்கூல் நாள்ல."

"எங்க ஸ்கூல்ல இருவத்திரெண்டு டாய்லெட் சார். நான் காலைல கழுவ ஆரம்பிச்சா மத்தியானம் ஆயிரும்." அவர் குரலில் கிண்டல் இல்லை. "அன்னிக்கு ஹால்ல பாத்தப்ப, உங்களுக்கு யாரோ தொழிலதிபர் உதவி செய்யறாருன்னு நெனச்சேன். கோயில் கமிட்டி ஏதாவது குடுக்குதுன்னு நெனச்சேன். இப்படின்னு நெனக்கல."

"உங்க லிஸ்ட் திரும்பி வந்துச்சுன்னு டீச்சர் சொன்னாங்க," என்றார் கமலநாதன். "அப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

"ஆயிருச்சு."

லெட்சுமணன் மைலோவைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். "சார் பயந்தது எனக்குப் புரியுது," என்றார். "எனக்கும் அந்த பயம்தான். ஐம்பத்தெட்டு பிள்ளைங்க, அதுல பத்து போனா ஸ்கூல மூடலாமான்னு பேச ஆரம்பிச்சுருவாங்க. நான் எழுதினப்ப மூணு நாள் யோசிச்சேன். பொய் எழுதல. ஆனா பாதிய விட்டுட்டேன். ரெண்டு வகுப்புல ஃபேன் ஓடல, அத எழுதல. பாலர் வகுப்பு கூரைய எழுதல."

டொரத்தி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பாரத்திலும் அவர் கையெழுத்து இருந்தது.

ஷர்மினி பையிலிருந்து தன் பாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "நான் கொஞ்சம் கூட்டித்தான் எழுதினேன்," என்றார். "எப்படியும் வெட்டுவாங்கன்னு தெரியும். அதனால ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு லெட்சுமணன் மட்டும் மெல்லச் சிரித்தார். ஷர்மினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கமலநாதன் சிரிக்கவில்லை என்றாலும் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் கையெழுத்து போட்டதுல ஒண்ணுகூட முழுசா உண்மை இல்ல," என்றார் டொரத்தி.

"பேர் போடாம எழுத முடியுமா டீச்சர்?" என்று கேட்டார் லெட்சுமணன். "ஸ்கூல் பேரு இல்லன்னா ஒருத்தரும் ஒண்ணும் மறைக்க மாட்டாங்க."

டொரத்தி யோசித்தார். பாரத்தில் பள்ளிப் பெயருக்கு இடம் இருந்தது, இல்லாமல் வாங்கமாட்டார்கள். ஆனால் பாரத்தோடு இணைப்பு கொடுக்கலாம். இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

"எட்டு ஸ்கூலுக்கும் சேத்து ஒரே பட்டியலா எழுதுவோம்," என்றார். "டாய்லெட் கழுவ எத்தன ஆளு வேணும், பேப்பர் எவ்வளவு, ரிப்பேர் எத்தன, எல்லாம் மொத்தமா. உள்ள ஸ்கூல் பேரு வேணாம். இந்த எட்டு பள்ளியையும் நான் நேர்ல பாத்தேன், இது உண்மைன்னு முன்னால நான் எழுதிக் கையெழுத்து போடறேன். உங்க பாரத்துல 'இணைப்பைப் பார்க்கவும்'னு மட்டும் எழுதுங்க. அதுக்கு மட்டும் நீங்க கையெழுத்து போட்டா போதும்."

"மத்த அஞ்சு பேரு?" என்று கேட்டார் ஷர்மினி.

"இப்ப போன் பண்றேன். நாளைக்குக் காலைல ஒவ்வொரு ஸ்கூலா போய் பாத்துர்றேன்."

மூன்று பேரும் கமலநாதனைப் பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினார். மற்ற இருவரும் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு ரூபினி வீட்டுக்குப் போகாமல் வந்து தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். ஷர்மினி தன்னுடைய மூன்று பக்கத்தையும் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வந்தார். லெட்சுமணன் பாலர் வகுப்புக் கூரையைச் சேர்த்தார்.

கமலநாதன் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"டீச்சருங்க பேப்பர் வாங்கறத எழுதணுமா?" என்று டொரத்தியிடம் மெல்லக் கேட்டார். "அவங்கள கேவலப்படுத்தற மாதிரி இருக்கு."

"அவங்களுக்கு என்ன கேவலம் சார்? எழுதுங்க."

கமலநாதன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். மூன்று தாள்களில் அவருடையதுதான் நீளம்.

புதன்கிழமை காலை ஏழு மணியிலிருந்து டொரத்தி ஷர்மினி, லெட்சுமணன் பள்ளிகளைப் பார்த்துவிட்டு மற்ற ஐந்து பள்ளிகளுக்கும் போனார். அந்த ஐந்தில் நான்கு பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் பள்ளியைச் சுற்றிக் காட்டும் வழியெல்லாம் கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஐந்து பேருமே முதலில் எழுதாத ஏதாவது ஒன்றைப் புதிதாகச் சொன்னார்கள். மதியம் மூன்று மணிக்கு ஏழு பக்க இணைப்போடு ரோஸ்லானின் மேசை முன் நின்றார்.

ரோஸ்லான் நின்றபடியே படித்தார். "இப்படி ஒரு வடிவம் கிடையாதே," என்றார்.

"கூடாது என்றும் எங்கேயும் இல்லை, துவான்."

நான்காவது பக்கத்தில் அவர் கண் நின்றது. "ஒரு பள்ளியில் தலைமையாசிரியரே கழிப்பறை கழுவுகிறார் என்று இருக்கிறது. எந்தப் பள்ளி?"

"பள்ளியின் பெயர் இணைப்பில் இல்லை, துவான்."

ரோஸ்லான் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று டொரத்திக்கும் தெரிந்தது. ரோஸ்லான் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக முத்திரை குத்தினார்.

"முன்னுதாரணம் என்று மேலே சொன்னவன் நான்," என்றார். "அது அப்படி இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டும். அதை உங்களை வைத்துச் சொல்ல முடியாது." சிறிது நிறுத்தி, "ஆனால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் பதிவேட்டில் வரும். அதை நான் விட முடியாது," என்றார்.

"சரி, துவான்."

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், இனி யாரும் காகிதம் வாங்கி வரக்கூடாது என்று கமலநாதன் ஆசிரியர்களிடம் சொன்னார். இருப்பது தீர்ந்தால் பயிற்சியைப் பலகையில் எழுதிப் போடலாம், பிள்ளைகள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்றார். லோஷினி டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் கமலநாதன் அவரிடம் போய், "டீச்சர், நான் முன்னாலயே கவனிச்சிருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். ரூபினி போன் செய்து இதையெல்லாம் டொரத்தியிடம் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். எட்டுப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஆறு துப்புரவுப் பணியாளர்களைக் கொடுத்தார்கள். அவர்கள் முறை வைத்துப் பள்ளிக்குப் பள்ளி போவார்கள். பாலர் வகுப்புக் கூரைக்கு அனுமதி கிடைத்தது. காகிதத்தில் பாதி வந்தது. போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பேருந்துக்கு எதுவும் இல்லை. ஷர்மினியின் பள்ளியில் வாரம் நான்கு நாள் நடந்த கூடுதல் வகுப்பு இரண்டு நாளானது. ஷர்மினி டொரத்தியிடம் மறுபடி நன்றாகப் பேசினார். கமலநாதனிடம் தேவைக்கு மட்டும் பேசினார். டொரத்தியின் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரி சேர்ந்தது. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இணைப்பின் படம் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரவில்லை. கமலநாதன் இரண்டு மாதம் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நவம்பரில், முதலாம் ஆண்டுக்குப் பதிவு செய்த பெற்றோர்கள் பத்திரங்களோடு வந்து உறுதி செய்யும் நாளன்று டொரத்தி புக்கிட் கெனங்காவில் இருந்தார். போன வருடம் ஐம்பத்து மூன்று பிள்ளைகள். இந்த வருடம் நாற்பத்தொன்பது. ஏன் நான்கு குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் வீடு மாறிப் போயிருக்கலாம். கமலநாதன் அந்த எண்ணை இரண்டு முறை சொன்னார்.

பத்து மணிவாக்கில் ஓர் அப்பா வந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு, இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "இங்க டாய்லெட்டெல்லாம் சுத்தமா இருக்குமா? இது ரொம்ப அருவருப்புப் படும்."

டொரத்தி கமலநாதனைப் பார்த்தார்.

"திங்கள், புதன், வெள்ளி நல்லா இருக்கும். ஆளு வருவாங்க," என்றார் கமலநாதன். "செவ்வாய், வியாழன் கொஞ்சம் கம்மிதான். ஆளு பத்தல. கேட்டிருக்கோம்."

அந்த அப்பா யோசித்தார். மகளைப் பார்த்தார். "செவ்வாய் வியாழன் வீட்லயே போயிட்டு வரச் சொல்லணும்," என்றார், பாதி தனக்குள்.

"நாங்களும் பாத்துக்கறோம்," என்றார் ரூபினி.

"எங்க கையெழுத்து போடணும்?"

ரூபினி இடத்தைக் காட்டினார். அவர் குனிந்து, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். டொரத்திக்குப் பதினோரு மணிக்கு லெட்சுமணனின் பள்ளியில் கூரை வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. கமலநாதனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.